எடை குறைந்த கால்கள்

1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 என்னும் ஏவூர்தி விண்ணை நோக்கிக் கிளம்பியது. அதன் உயரம் 22 மீட்டர். எடை 17 டன். அத்துணைப் பெரிய ஊர்தி சுமந்து சென்றதோ 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி என்னும் சிறு செயற்கைக்கோளைத்தான். ஒரு கிலோகிராமை வட்டப்பாதையில் நிறுத்த, ஏறத்தாழ 485 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி தேவைப்பட்டது. ஊர்தியின் கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோகிராம் கூடினால், செயற்கைக்கோளில் ஒரு கிலோகிராமைக் குறைத்தே தீரவேண்டும். ஏவூர்தி செய்வோருக்கு எடை என்பது ஓயாத கவலை.

இக்கவலையே புதிய பொருள்களைத் தேடச் செய்தது. கண்ணாடியையும் கார்பனையும் மெல்லிய இழைகளாக்கி, அவற்றைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால், உலோகத்தைப் போன்ற உறுதியும் அதனினும் மிகக் குறைந்த எடையும் உடைய பொருள் கிடைக்கிறது. இதனைக் கலப்புப் பொருள் என்பர். வைக்கோல் கலந்து பிசைந்த மண்சுவர் எளிதில் விரிசல் விடாமல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இதன் அடிப்படை புரியும். இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது.

எஸ்.எல்.வி-3 திட்டத்தின் இயக்குநராக இருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், 1982ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். விண்வெளித் திட்டத்தில் பெற்ற பட்டறிவு அவருடன் சென்றது. 1989ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் முதன்முறை சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணையின் முதற்கட்டமே எஸ்.எல்.வி-3இன் முதற்கட்டத்திலிருந்து உருவானதுதான். வளிமண்டலத்தினுள் மீண்டும் நுழையும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்குவதற்காக, எடை குறைந்த கார்பன் பொருள்கள் அந்த ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டன.

அந்நாள்களில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அந்த ஆய்வகத்திற்கு வந்தார். அங்கிருந்த பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் எடைக்குறைவு அவரை வியப்பில் ஆழ்த்தியது. உடனே அவர் கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இளம்பிள்ளை வாதத்தாலும் பிற குறைபாடுகளாலும் கால் வலுவிழந்த சிறுவர் சிறுமியர் இருந்தனர். அவர்கள் காலில் அணிந்திருந்த உலோகக் காலிப்பர் ஒவ்வொன்றும் மூன்று கிலோகிராமுக்கு மேல் எடையுடையது. நடப்பதற்கு உதவ வேண்டிய கருவியை அக்குழந்தைகள் இழுத்துக்கொண்டு நடந்தனர். இவர்களின் துன்பத்தைப் போக்குங்கள் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டார்.

மூன்றே வாரங்களில் புதிய காலிப்பர் உருவாயிற்று. அதன் எடை ஏறக்குறைய 300 கிராம். பழைய சுமையில் பத்தில் ஒரு பங்கு! அதை அணிந்த குழந்தைகள் தம் கண்களையே நம்பவில்லை என்றும், பெற்றோர் கண்ணீர் மல்க நின்றனர் என்றும் கலாம் பின்னாளில் தம் உரைகளில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

பொருளை மாற்றியதோடு இக்கருவியின் சிறப்பு முடிந்துவிடவில்லை. வலுவற்ற கால் தரையில் ஊன்றும்போது முழங்கால் மடிந்து, நடப்பவர் விழ நேரிடும். பழைய காலிப்பரில் இரும்புக் கம்பிகளும் பூட்டுகளும் முழங்காலை மடங்கவிடாமல் இறுக்கி வைத்தன. புதிய கருவியோ முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. கால் தரையை அழுத்தும்போது தரையும் காலை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் எதிர்விசை அது. வளையாத கணுக்கால் உறை அவ்விசையை வாங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறமாக அழுத்துகிறது. முழங்கால் தானே நிமிர்ந்து நிற்கிறது. தரையே தாங்கலாகிவிடுகிறது. இக்கருவிக்குத் ‘தரையெதிர்விசைக் காலணை’ என்று பெயரிடலாம்.

ஏவுகணைப் பொருள் தானாகவே மருத்துவமனைக்குச் சென்றுவிடவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. ஆய்வகத்தில் இருந்தவர்கள் அப்பொருளின் வெப்பந்தாங்கும் திறனை அறிந்திருந்தனர். ஒரு குழந்தையின் கால் என்ன எடையைத் தாங்கும் என்பதை அறிந்திருக்கவில்லை. அதை அறிந்தவர் மருத்துவர். அவர் கையில் அப்பொருள் பட்ட பிறகே அதற்கு இரண்டாவது பயன் பிறந்தது.

கால் இழந்தோரின் நிலையும் இத்தகையதே. ஜெய்ப்பூர் நகரில் 1960களின் இறுதியில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து இரப்பராலான செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால்களுக்குக் காலணி கட்டாயம் தேவைப்பட்டது. சம்மணமிட்டு அமரவும் குந்தவும் அவை இடந்தரவில்லை. வெறுங்காலுடன் வயலில் இறங்கும் உழவருக்கு அவற்றால் பயன் யாது? ஜெய்ப்பூர்ப் பாதம் அக்குறையைத் தீர்த்தது. பின்னாளில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், பாலியூரித்தேன் என்னும் பொருளால் எடை குறைந்த பாதம் செய்யும் நுட்பத்தை, ஜெய்ப்பூரில் இப்பணியைச் செய்துவரும் பகவான் மகாவீர் தொண்டு அமைப்புக்கு வழங்கியது. ஏவூர்தியின் திண்ம எரிபொருளை ஒட்டிப் பிடித்துவைக்கும் பிணைப்பொருளும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்ததே. ஆகவே, அம்மையத்தின் வேதியியலாளர்களுக்கு அது பழகிய பொருள். ஆனால், பாதம் எப்படி வளைய வேண்டும் என்பதை அவர்களுக்குக் கற்பித்தது ஜெய்ப்பூர்.

விண்வெளி ஆய்வின் கொடை என்று வழங்கப்படும் பட்டியல்கள் அனைத்தையும் அப்படியே நம்பிவிடலாகாது. டெஃப்லான் அவற்றுள் அடிக்கடி இடம்பெறும். அது கண்டறியப்பட்டதோ 1938ஆம் ஆண்டில்; மனிதன் விண்ணுக்குச் செல்வதற்கு 23 ஆண்டுகள் முன்பு. உண்மையான கொடைகள் வேறு பல உள்ளன. கொரோனா பெருந்தொற்றின்போது, 2021ஆம் ஆண்டில், விக்ரம் சாராபாய் மையம் மூன்று வகை மூச்சியக்கிக் கருவிகளை வடிவமைத்தது. அவற்றுள் ‘ஸ்வஸ்தா’ மின்சாரமின்றி, அழுத்தப்பட்ட வளியின் விசையாலேயே இயங்கக்கூடியது.

அதே மையம் முழங்காலுக்கு மேல் கால் இழந்தோருக்காகச் செய்த முயற்சி இன்னும் நுட்பமானது. சாதாரணச் செயற்கை முழங்கால் வெறும் கீல். அதை அணிந்தவர், எந்நேரமும் அது மடிந்துவிடுமோ என்னும் அச்சத்துடன் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கவேண்டும். சரிவில் இறங்குவது பெரும்பாடு. இதற்கான தீர்வை ஏவூர்தி செல்லும் முறையோடு ஒப்பிடலாம். ஊர்தி சிறிது சாய்ந்தாலும் உணரிகள் அதைக் கண்டறிகின்றன. கணினி எவ்வளவு திருத்தவேண்டும் எனக் கணக்கிடுகிறது. இயக்கிகள் உடனே செயற்படுகின்றன. நுண்செயலி பொருத்திய முழங்காலும் அவ்வாறே இயங்குகிறது. பாதத்தில் விழும் எடையையும் முழங்காலின் கோணத்தையும் உணரிகள் அளக்கின்றன. கால் ஊன்றியிருக்கிறதா, வீசப்படுகிறதா என்பதை நுண்செயலி முடிவு செய்கிறது. சிறு மின்னோடி ஒன்று, எண்ணெய் நிரம்பிய உருளையின் திறப்பைக் கூட்டியோ குறைத்தோ முழங்காலின் இறுக்கத்தை மாற்றுகிறது. ஊன்றும்போது கால் உறுதியாக நிற்கிறது. வீசும்போது இயல்பாக மடிகிறது.

இம்முயற்சியைப் பற்றி இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனங்களும் செயற்கை உறுப்புகள் செய்யும் அரசு நிறுவனமும் இப்பணியில் சேர்ந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய கால்களின் விலை அப்போது 10 இலட்சம் முதல் 60 இலட்சம் ரூபாய் வரை இருந்தது. இங்கே செய்யப்படுவது 4 முதல் 5 இலட்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் என்று அந்நிறுவனம் எதிர்பார்த்தது. அத்தொகையும் எளிய குடும்பத்துக்குப் பெருந்தொகையே. ஏறத்தாழ 1.6 கிலோகிராம் எடையுள்ள அக்காலை அணிந்த ஒருவர், சிறிதளவு துணையுடன் ஒரு நடைக்கூடத்தில் ஏறக்குறைய 100 மீட்டர் நடந்தார். அதன் எடையையும் அளவையும் மேலும் குறைப்பதே பொறியாளர்களின் அடுத்த வேலையாயிற்று.

சொல்லும் பொருளும்

ஏவூர்தி – ராக்கெட்
பட்டறிவு – அனுபவம்
உணரி – மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி (சென்சார்)
மின்னோடி – மின்சாரத்தால் சுழலும் பொறி (மோட்டார்)
மூச்சியக்கி – வென்டிலேட்டர்

பயிற்சி

1. ஏவூர்தியின் கடைசிக் கட்டத்தில் எடை கூடினால் நேர்வது யாது?
2. புதிய காலிப்பர், இரும்புப் பூட்டு இல்லாமல் முழங்காலை எவ்வாறு நிமிர்த்துகிறது? நும் சொற்களில் விளக்குக.
3. மருத்துவர் ஆய்வகத்திற்கு வாராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து தொடர்களில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: ஏவூர்தி, தரையெதிர்விசை, நுண்செயலி.