வெற்றி விழுக்காடும் அதன் பகுதியெண்ணும்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கம் இயங்கிய நாளில், தாதுவின் தரம் ஒரு டன்னில் அடங்கிய பொன்னின் அளவால் குறிக்கப்பட்டது. அவ்வளவைக் கேட்ட எவரும் முதலில் வினவ வேண்டியது, ‘எந்த டன்?’ என்பதே. சுரங்கத்தினின்று மேலே ஏற்றிய கல் அனைத்துமா, வெறுங்கல்லைப் பொறுக்கி எறிந்தபின் ஆலையில் இடித்த கல் மட்டுமா? பொன் அதேதான், பகுதியெண் சுருங்கினால் தரம் உயர்ந்து காணும்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. எனினும் இவ்வினா அங்குள்ள குடும்பங்களுக்கு இன்றும் வேறு வகையில் பயன்படும். மகப்பேறு வாய்க்காத தம்பதியர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் கருத்தரிப்பு மையங்களை நாடும்போது, விளம்பரத்தில் காணும் வெற்றி விழுக்காடுகளை ஒப்பிட முற்படுவது இயல்பு. நகையை அடகு வைத்துச் செய்யும் சிகிச்சையாயின், பிழையான ஒப்பீட்டின் நட்டம் சிறிதன்று.

சோதனைக் குழாய் முறையின் தொடக்க வரலாறே இதற்குத் தக்க சான்று. இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, பர்டி ஆகிய மூவரும் 1969 முதல் 1978 வரை ஆற்றிய பணியின் குறிப்பேடுகள் பின்னாளில் எண்ணி ஆராயப்பட்டன. சிகிச்சை பெற்ற பெண்கள் 282 பேர்; சினைமுட்டை எடுக்கச் செய்த அறுவைகள் 457; கருவைக் கருப்பையில் வைத்த முறைகள் 112; கர்ப்பங்கள் 5; உயிருடன் பிறந்த குழந்தைகள் 2. கரு வைத்த முறைகளுக்குக் கர்ப்பங்களைக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 4½. குழந்தைகளைக் கணக்கிட்டால் 2-க்கும் குறைவு. அறுவைகளுக்குக் குழந்தைகளைக் கணக்கிட்டாலோ அரை விழுக்காடுகூட இல்லை. நான்கரையும் பொய்யன்று, அரையும் பொய்யன்று. ஆனால் மருத்துவமனைக்குப் புறப்படும் பெண் அறிய விரும்புவது கடைசிக் கணக்கையே. ‘கரு வைப்புக்கு இத்தனை’ என்னும் விழுக்காட்டில், கரு உருவாகாமலே வீடு திரும்பியவர்கள் இடம்பெறுவதில்லை.

பகுதியெண் ஒன்றாகவே இருப்பினும் வேறொரு தடை உண்டு, அது வயது. தன் சினைமுட்டையைக் கொண்டே சிகிச்சை பெறும் பெண்ணுக்கு, 35 வயதிற்குப்பின் வாய்ப்பு விரைந்து குறைகிறது. நாற்பதுக்குமேல் மிகவும் குறைகிறது. கற்பனையாக இரு மையங்களை எடுத்துக்கொள்வோம். முதல் மையத்திற்கு வந்த 100 பேரில் இளையோர் 80. அவர்களுள் 32 பேருக்குக் குழந்தை பிறந்தது. மூத்தோர் 20 பேரில் இருவருக்கு. மொத்தம் 34. இரண்டாம் மையத்தில் இளையோர் 20 பேரில் 9 பேருக்கும், மூத்தோர் 80 பேரில் 12 பேருக்கும் குழந்தை பிறந்தது. மொத்தம் 21. விளம்பரத்தில் முதல் மையமே ஓங்கி நிற்கும். ஆனால் பிரித்துப் பாருங்கள்: இளையோரிடை 40-க்கு எதிராக 45, மூத்தோரிடை 10-க்கு எதிராக 15. இரு வகையிலும் இரண்டாவதே சிறந்தது. கடினமான நோயாளிகளைத் திருப்பி அனுப்பாததே அதன் ‘குறை’. உயர்நிலை வகுப்பில் கரும்பலகையில் போடத்தக்க கணக்கு இது. பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வைத்தும் போடலாம், அங்கும் இதே விந்தை நிகழ்வதுண்டு.

ஒரே முறையில் பல கருக்களை வைப்பதும் விழுக்காட்டை உயர்த்தும். இரட்டையர், மூவர் எனப் பிறப்பதால் குறைப்பிரசவமும் தாய்க்கு இடரும் மிகுவதை அவ்விழுக்காடு காட்டாது.

இந்தியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021-ஆம் ஆண்டின் துணைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், மையத்தில் வெற்றிக்குள்ள வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, பல கரு தங்கும் அபாயம் ஆகியவற்றை எடுத்துரைக்கும் கடமையை மையத்தின்மீதே சுமத்துகிறது. ஆதலால், களப்பணியாளர் தம்மிடம் வரும் தம்பதியருக்கு ஒரு தாளில் இதனை எழுதிக் கொடுத்தனுப்பலாம்: ‘என் வயதொத்த பெண்களுள், சென்ற ஆண்டு இங்கே சிகிச்சை தொடங்கியவர் எத்தனை பேர்? அவர்களுள் குழந்தையுடன் வீடு திரும்பியவர் எத்தனை பேர்?’ விடை விழுக்காடாக வந்தால், இரண்டு எண்களையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்க.