பாகுக்கு அடுத்த படி

அன்புள்ள தம்பிக்கு,

கேரமல் புட்டிங்கின் மேல் வழிகிற அந்தப் பழுப்புப் பாகை வீட்டிலேயே காய்ச்ச முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். அதில் எசன்ஸும் இல்லை, கலரும் இல்லை, சர்க்கரையும் சூடும்தான்.

மைசூர்பாகு கிண்டுகிறவர்கள் கம்பிப் பதம் வந்ததுமே கடலை மாவைக் கொட்டிவிடுவார்கள். அப்போது பாகின் சூடு சுமார் 105 டிகிரி செல்சியஸ். அங்கே நிறுத்தாமல் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்ற வற்றச் சூடு ஏறிக்கொண்டே போகும். 160-ஐத் தாண்டி 170-ஐ நெருங்கும்போது சர்க்கரை மூலக்கூறுகளே உடைந்து, நிறமும் மணமும் இளங்கசப்பும் உள்ள புதிய பொருள்களாக மாறுகின்றன. முறுகல் தோசையின் பழுப்பு வேறு வகை. அதற்குப் புரதமும் வேண்டும். கேரமலுக்குச் சர்க்கரை மட்டும் போதும்.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரமாக எடுத்துக்கொள். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. 100 கிராம் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி தண்ணீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. மிதமான தீயில் சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்தபின் கரண்டியே வேண்டாம். ஓரத்தில் ஒட்டியிருக்கும் துளிச் சர்க்கரை உள்ளே விழுந்தாலும் மொத்தப் பாகும் பூத்து, மறுபடி சர்க்கரைப் படிகங்களாகிவிடும். எலுமிச்சையின் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்து, அப்படிப் பூக்கவிடாமல் தடுக்கும். மீறிப் பூத்தால் கொட்டிவிடாதே. கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி கரைத்துக் காய்ச்சலாம்.

இனிமேல் அடுப்பைவிட்டு நகரக் கூடாது. முதலில் குமிழிகள் படபடவென்று வெடிக்கும். பிறகு தடித்து, மெதுவாகும். ஒரு ஓரத்தில் இளமஞ்சள் தெரிந்ததும் கைப்பிடியைப் பிடித்துப் பாத்திரத்தை மெல்லச் சுழற்று, நிறம் சீராகப் பரவும். மஞ்சள் பொன்னிறமாகி, பொன்னிறம் செம்பழுப்பாவது மளமளவென்று நடந்துவிடும். பாத்திரத்தின் சூடே பாகை மேலும் காய்ச்சும் என்பதால், வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே தீயை அணைத்துவிட வேண்டும்.

புட்டிங் அச்சில் ஊற்றச் செம்பழுப்பு போதும். கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கு இன்னும் கருக்கவிட்டு, வெந்நீர் சேர்த்து இளக்குவார்கள். கேக்கின் கரும்பழுப்பு அதிலிருந்து வருவதுதான். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் ஹென்றி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் 1977-இல் உப்பு வெண்ணெய் சேர்த்துச் செய்த கேரமல் பெரும் பெயர் பெற்றது. ஒரு சிட்டிகை உப்பை நீயும் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. இந்தப் பாகு கொதிநீரைவிட 60, 70 டிகிரி கூடுதல் சூடு; தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நிறம் பார்த்த ஆசையில் விரலை விட்டு ருசி பார்க்காதே. வெந்நீர் ஊற்றும்போது சீறித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். கையில் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. முதல் தடவை வீட்டுப் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

அடியில் கெட்டியாகப் பிடித்த கேரமலைச் சுரண்டி மல்லுக்கட்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடு, அத்தனையும் கரைந்துவிடும்.

அன்புடன்,
அக்கா