கல்லின் பிளவும் பொன்னின் பிளவும்

உலகில் உடையாத பொருள் இல்லை. ஆயினும் எல்லாப் பொருளும் ஒரே வகையாய் உடைவதில்லை. இவ்வேற்றுமையைக் கொண்டே மாந்தரின் சினத்தை மூவகையாக்கிக் காட்டினார், மூதுரை அருளிய ஔவைப்பிராட்டியார். கயவர் சினம் கல்லின் பிளவு, மீண்டும் ஒன்றாது. அவரினும் மேலோர் சினம் பொன்னின் பிளவு, பற்றவைத்தால் கூடும். சான்றோர் சினம் அம்பெய்த நீரின் வடு, அப்பொழுதே மறையும்.

கல் ஏன் மீண்டும் ஒன்றுவதில்லை? கல்தச்சர் பாறை பிளக்கும் முறையைக் காண்க. நேர்கோட்டில் சிறு குழிகள் வெட்டி, இரும்பு ஆப்புகளைச் செருகி, மாறி மாறி அடிப்பர். முதலில் மயிரிழை போல் ஒரு விரிசல் தோன்றும். கல் வளைந்து கொடாது. ஆதலின் அடியின் விசை முழுதும் அவ்விரிசலின் நுனியிலேயே குவியும். விரிசல் ஓட, பாறை இரண்டாகும். கண்ணாடியும் இத்தகையதே. கண்ணுக்குப் புலனாகாத நுண்விரிசல்களே அதன் வலிமையைக் கெடுக்கின்றன என்பதைக் கிரிஃபித் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1921-ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரையில் விளக்கினார்.

பொன்னோ கல்லைப் போல் கடினமானதன்று. அடித்தால் நெகிழும், கம்பியாய் நீளும், தகடாய் விரியும். அறுந்தாலும் பொற்கொல்லர் கைபட்டால் மீண்டும் ஒன்றாகும். எனவே கடினம் வேறு, உறுதி வேறு என்பது தெளிவு.

மனித உள்ளத்திற்கும் இது பொருந்தும். வரப்புத் தகராற்றில் பிரிந்த உடன்பிறந்தார், பெற்ற தாயின் இறுதிச் சடங்கிலும் முகம் பாராது நிற்பதுண்டு. பிரித்தது அன்று எழுந்த ஒரு சொல் மட்டுமன்று; நெடுநாளாய் உள்ளே மறைந்திருந்த மனக்குறை என்னும் விரிசலே. கடுஞ்சொல் அதில் இறங்கிய ஆப்பு. விரிசல் சிறிதாயிருக்கும்பொழுதே பேசித் தீர்ப்பது அறிவுடைமை.

பெரும்பகையும் பொன்போல் கூடும் என்பதற்கு நம் குளச்சலே சான்று. 1741-ஆம் ஆண்டு இக்கடற்கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் டச்சுப் படையை வென்றார். சிறைப்பட்ட படைத்தலைவர் டிலனாயை மன்னர் அழித்தொழிக்கவில்லை; தம் படைக்குப் பயிற்சியளிக்க அமர்த்தினார். பகைவராய் வந்தவரும் அந்நாட்டிற்கே உழைத்து, உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, 1777-இல் மறைந்து, அக்கோட்டையினுள்ளேயே அடக்கமானார். வென்றவர் நெகிழ்ந்தார், தோற்றவரும் நெகிழ்ந்தார். நாடு பயன் பெற்றது.

பிள்ளையார் திருமுன் சிதறுதேங்காய் உடைக்கும் அன்பர்கள் இதனை எண்ணுதல் நலம். வளையாத ஓடு சிதறுகிறது. அதுவே நம் ஆணவம். அதனை அங்கேயே விடுத்து, பிணங்கிய உறவினரிடம் முதற்சொல் நாமே சொல்லும் நெஞ்சுடன் இல்லம் திரும்புவோமாக.