‘தி குருசிபிள்’ நாடகம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் சேரப்பணஞ்சேரியில் என் வீட்டுத் திண்ணைக்குப் புத்தகத்தோடு வருகிறீர்கள். பலர் ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துவிட்டுத் தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள். ஆர்தர் மில்லரின் இந்த நாடகத்தில்தான் அதிகம் தடுமாறுகிறீர்கள். பல வருஷம் இதைப் பாடம் சொன்னவன் என்ற உரிமையில் எழுதிவைக்கிறேன்.

1. தலைப்பிலிருந்து தொடங்குங்கள். அலுமினிய வார்ப்பில் வேலை செய்யும் ஒரு தம்பி, “ஐயா, குருசிபிள்னா எங்க ஷாப்புல உலோகம் உருக்குற பாத்திரம்” என்றான். அதேதான். நம் பொற்கொல்லர்கள் மூசை என்பார்கள். சூடு ஏறியதும் மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்தெடுப்பதை அவன் கையை ஆட்டி ஆட்டி விவரித்தான். “இந்த நாடகத்துல கோர்ட்டு கசடுன்னு வழிச்சு எறிஞ்சது யாரை?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “சூனியக்காரின்னு தூக்குல போட்ட ரெபெக்கா பாட்டியை” என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2. வரலாறு வேறு, நாடகம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சேலத்தில், 1692-இல் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இவ்வளவும் நடந்தது. ஆனால் நாடகத்தில் பழி சொல்லும் அபிகெய்லுக்கும் ஜான் ப்ராக்டருக்கும் இடையிலான உறவு மில்லரின் கற்பனை. உண்மையான அபிகெய்ல் 11, 12 வயதுச் சிறுமி. ப்ராக்டர் அறுபதை ஒட்டியவர். தேர்வில் இதைக் குழப்பாதீர்கள். நாடகம் மேடையேறிய 1953-இல் அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் வேட்டை நடந்துகொண்டிருந்தது. 1956-இல் மில்லரையே விசாரணைக் குழு முன் நிறுத்தி, தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. அதற்காகக் கிடைத்த தண்டனை 1958-இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

3. நிலம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். இதை நீங்கள் கவனிக்காமல் தாண்டிவிடுகிறீர்கள். நாடகத்தில், சூனியம் வைத்ததாகத் தூக்கிலேறுகிறவரின் சொத்து பறிமுதலாகும். ஏலத்தில் எடுக்கப் பணம் வைத்திருப்பவர் தாமஸ் புட்னம். குற்றம் சாட்டுவது அவர் மகள். ஜைல்ஸ் கோரி இதைக் கோர்ட்டிலேயே சொல்கிறார். குற்றச்சாட்டுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லாமலே அவர் சாவதும், நிலம் மகன்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். கம்பெனிகள் வந்த பிறகு ஒரு சென்ட் நிலத்துக்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திய வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. உங்களுக்கு இது புரியாமல் போகாது.

சூனியப் பழி நம் நாட்டிலும் உண்டு. ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ என்று ஓர் அம்மா. 1995-இல் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போக, இவரை ‘டாயன்’, அதாவது சூனியக்காரி என்று சொல்லிக் கொடுமைப்படுத்தினார்கள். உயிர் தப்பியவர், பிறகு இதே பழிக்கு ஆளான பெண்களுக்குத் துணையாக நின்றார். 2021-இல் பத்மஸ்ரீ. அஸ்ஸாமின் பிருபாலா ராபாவுக்கும் அதே ஆண்டு, இதே போராட்டத்துக்காக. பீகாரில் 1999-இலும் ஜார்க்கண்டில் 2001-இலும் சத்தீஸ்கரில் 2005-இலும் இதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. இவர்கள் கதையைப் படித்துவிட்டு ரெபெக்காவிடம் திரும்புங்கள். உங்களோடு லைனில் நிற்கும் ஜார்க்கண்ட் தம்பியிடமும் பேசுங்கள். ஆனால் “உங்க ஊர்ல…” என்று ஆரம்பிக்காதீர்கள்.

4. ஏனென்றால் நம் ஊரிலும் நடந்தது. 2018 மே மாதம், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு முதிய பெண் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி ஊர் கூடி அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்திதான் காரணம். இங்கிருந்து அந்த ஊர் வெகுதூரம் இல்லை. யாருக்கும் அங்கே சூனியத்தில் நம்பிக்கை தேவைப்படவில்லை. பயம் போதுமாக இருந்தது.

என் சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு கிழவி தனியாக இருந்தாள். யார் வீட்டு மாடு செத்தாலும் அவள் கண்ணைச் சொல்வார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, பேசவும் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு அவள் எதிரே வந்தால் நானும் சந்து வழியாக ஓடியிருக்கிறேன். இந்த நாடகத்தை முதலில் படித்த இரவு அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது.

5. கோர்ட்டின் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும், மறுத்தால் தூக்கு. ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, இன்னும் நாலு பேர் பெயரைச் சொல்ல வேண்டும். சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம், எனவே பாதிக்கப்பட்டதாகச் சொல்பவரே சாட்சி என்று நீதிபதி டான்ஃபோர்த் அமைதியாக விளக்குகிறார். அவர் கத்தும் இடங்களைவிட அந்த இடம்தான் எனக்கு நடுக்கம் தரும். ரெபெக்கா உள்ளிட்ட மூன்று பெண்களும் நல்லவர்கள் என்று 91 பேர் கையெழுத்துப் போட்ட மனு மூன்றாம் அங்கத்தில் வருகிறது. அந்த 91 பேரையும் விசாரணைக்கு இழுத்துவர உத்தரவாகிறது. நல்ல வார்த்தை சொன்னதற்குக் கிடைத்த பலன் அது. அந்தப் பக்கத்தில் அவசரப்படாதீர்கள்.

6. பாதிரியார் ஹேல் புத்தகக் கட்டோடு உள்ளே வருவதையும், கடைசி அங்கத்தில் எப்படி நிற்கிறார் என்பதையும் ஒப்பிடுங்கள். தேர்வில் இதில் ஒரு கேள்வி நிச்சயம்.

7. 1996-இல் வந்த படத்துக்குத் திரைக்கதையும் மில்லரே எழுதினார். ஆனாலும் நாடகத்தை முடித்த பிறகே பாருங்கள்.

8. வாய்விட்டுப் படியுங்கள். பாகம் பிரித்தால் எல்லாரும் ப்ராக்டரைக் கேட்கிறீர்கள். மேரி வாரனை யாரும் கேட்பதில்லை. உண்மையைச் சொல்லத்தான் கோர்ட்டுக்கு வருகிறாள். தோழிகள் அவள் பேசுவதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் கூச்சலிட, பயந்து, பழி சொல்லும் பழைய கூட்டத்துக்கே ஓடிவிடுகிறாள். அடுத்த ஞாயிறு மூன்றாம் அங்கம். அவள் பாகத்தை யார் வாசிப்பது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.