பாதியில் நின்ற தொடர்மாடியும் பக்கத்துக் கடைக்காரரும்

கொழும்பில் தொடர்மாடி கட்டுவோர் பலரும் முழுக்கத் தம் கைக்காசை நம்பி இறங்குவதில்லை. வரைபடத்தைக் காட்டி வீடுகளை முன்கூட்டியே விற்று, வாங்குபவரின் தவணைப் பணத்தையும் வங்கிக் கடனையும் கொண்டே மாடிக்கு மேல் மாடி எழுப்புகிறார்கள். பொருளாதாரம் சரியும்போது இவ்விரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன.

2022இல் நடந்தது இதுதான். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவையொட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கம்பி, லிப்ட், அலுமினியம் எல்லாமே டொலரோடு கட்டுண்டவை. பழைய விலைக்கு வீட்டை விற்றுவிட்டவர் புதிய விலைக்குச் சாமான் வாங்க வேண்டியதாயிற்று. பல இடங்களில் வேலை நின்றது.

ஆனால், வீட்டு விலை விழும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். ரூபாவின் பெறுமதி கரைவதைக் கண்டு காசைச் சொத்தாக்க விரும்பியவர்கள், கட்டி முடிந்த வீடுகளையே தேடினர். அவற்றின் விலை ரூபாவில் ஏறியது. பாதிக் கட்டடத்தைத்தான் எவரும் சீண்டவில்லை.

வேலை நின்றால் முதல் அடி அக்கம்பக்கத்துக்குத்தான். பகல் சாப்பாட்டுப் பார்சல், தேநீர், சில்லறைச் சாமான் எல்லாம் மேசன்மாரோடு போய்விடும். ஹார்ட்வெயார்காரரின் பாடு இன்னும் மோசம். 20 இலட்சம் ரூபாச் சாமானை 90 நாள் காசோலைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் விலை 60 சதவீதம் ஏறினால், காசோலை மாறினாலும்கூட, அந்தப் பணத்துக்குப் பழைய கணக்கில் பன்னிரண்டரை இலட்சத்துச் சாமான்தான் வாங்கலாம். இலாபம் என்று ஏட்டில் எழுதியது முதலையே தின்றிருக்கும்! ஆகவே கடன் கொடுக்குமுன் எத்தனை வீடு விற்றிருக்கிறது, காசோலையில் ஒப்பமிடுவது கட்டடச் சொந்தக்காரரா, துணைக் கொந்தராத்துக்காரரா என்று விசாரிப்பது அவசியம். துணைக் கொந்தராத்துக்காரருக்கே மேலிருந்து காசு வராதபோது உங்களுக்கு எங்கிருந்து வரும்?

வீடு வாங்க முற்பணம் கட்டுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டி முடிந்து கூட்டாதன வரைபடம் பதிவாகும் வரை, வழக்கமாக உங்கள் கையிலிருப்பது விற்பனை உடன்படிக்கை மட்டுமே, உறுதி அல்ல. வேலை நின்றால் அதை வைத்து வங்கியில் கடன் பெறுவதும் கடினம்.

தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் கடை எடுக்க நினைப்பவர், விற்ற வீடுகளின் எண்ணிக்கையை நம்பி வாடகை பேசக்கூடாது. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்த வீடுகளும், வெளிநாட்டிலிருப்போரின் வீடுகளும் அதில் அடங்கும். மஃரிபுக்குப் பின் ஒருநாள் போய், எத்தனை வீட்டில் விளக்கெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாண் வாங்க இறங்கி வருவோர் அவ்வளவு பேர்தான்.