மாத்திரையும் பொடியும்

ஐதராபாத் பக்கம் திருமுல்கேரியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அந்த வீட்டு மாமியாருக்குக் கை நடுக்கம். நடையும் தளர்ந்தது. "இது நடுக்குவாதம்" என்றார் டாக்டர். மூளையில் டோப்பமின் என்ற பொருள் குறைந்தால் இந்த நோய் வரும். டாக்டர் லெவோடோப்பா மாத்திரை கொடுத்தார். அது மூளைக்குள் போய் டோப்பமினாக மாறும். நடுக்கம் குறைந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டப்பா கொண்டுவந்தார். "பூனைக்காலி விதைப் பொடி அக்கா. நரம்புக்கு நல்லது. மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்றார்.

மாமியார் இரண்டையும் சாப்பிட்டார். சில நாளில் குமட்டல் வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. கை கால்கள் தாமாக முறுக்கி ஆடின. இரவில் இல்லாத ஆள் நிற்பதுபோல் தெரிந்தது.

"பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் சொன்னீர்களா அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"பொடிதானே! அதை எதற்குச் சொல்ல வேண்டும்?"

மருமகள் மாத்திரை அட்டையையும் பொடி டப்பாவையும் ஒரே பையில் போட்டாள். மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் டப்பாவைப் பார்த்தார். "பூனைக்காலி விதையிலும் லெவோடோப்பா இருக்கிறது அம்மா. 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு அறிஞர்கள் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஒரே மருந்து இரண்டு வழியில் உங்கள் உடம்புக்குள் போயிருக்கிறது" என்றார்.

"அப்படியானால் மாத்திரையை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் சாப்பிடட்டுமா?"

"கூடாது. மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். விதையில் அளவு கூடும், குறையும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைக்கும். கடும் காய்ச்சலும் வரலாம். உயிருக்கே ஆபத்து."

மூலிகை வேலை செய்யும். அதனால்தான் அது மருந்து. வேலை செய்யும் பொருள் அளவு மீறினால் கெடுதலும் செய்யும். தூக்க மாத்திரையோடு அமுக்கராப் பொடி சேர்ந்தாலும் மயக்கம் கூடலாம்.

நினைவில் வையுங்கள்:

1. மாத்திரை, பொடி, லேகியம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியரிடமும் அப்படியே காட்டுங்கள்.
2. கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
3. மருந்தால் கெடுதல் வந்தால் 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கலந்து பேசுங்கள்:

மாமியார் ஏன் பொடியைப் பற்றிச் சொல்லவில்லை? உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள்? ஒரு தாளில் எழுதுங்கள்.