தீவுக்குப் போன கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஒரு சனி, ஞாயிறில் ராமேஸ்வரத்துக்கு அழைத்துச் சென்றோம். திரும்பி வந்ததும், பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பாம்பன் பாலம், கோயில் பிரகாரம், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. எல்லா ஏடுகளிலும் இதே வரிசை. ஒரு மாணவன் மட்டும் கடைசியில், 'ரொம்ப வெயில்' என்று எழுதியிருந்தான். அத்தனை ஏடுகளிலும் அந்த ஒரு வரிதான் சொந்தமாகக் கவனித்து எழுதியது.

தவறு என்னுடையது. இரண்டு நாளில் ஒன்பது இடங்களைக் காட்டினேன். தேடிப் பார்க்க ஒரு கேள்வியைக்கூடக் கொடுக்கவில்லை. பயணத்துக்கு வராத நான்கு மாணவர்களிடம், "நீங்கள் வேறு தலைப்பில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்ய முயன்ற அடுத்த பயணத்தின் அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்வி பிறந்த இடம்

நான் சமூக அறிவியல் ஆசிரியை. மத்திய தரைக்கடல் காலநிலையை நடத்தும்போது மால்டா தீவை நிலவரைபடத்தில் காட்டினேன். கோடையில் மழையே இல்லாத வெயில், குளிர்காலத்தில் மழை, நிலையாக ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. "அப்ப குடிக்கத் தண்ணிக்கு என்ன மிஸ் பண்ணுவாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

இன்று அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்பிருந்தே ஒரு வழி உண்டு. பெய்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

மால்டாவுக்கு நம்மால் போக முடியாது. ராமேஸ்வரத்துக்குப் போகலாம். அதுவும் ஆறு இல்லாத தீவுதான். மணலும் பவளச் சுண்ணாம்புப் பாறையும் நிறைந்த நிலம். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில். இந்த முறை ஒரே கேள்வியோடு போவது என்று முடிவு செய்தோம்: சுற்றிலும் உப்புநீர் இருக்கும் தீவில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

முன்தயாரிப்பு

அறிவியல் ஆசிரியர் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை எடுத்துக்கொண்டார். நீல மை கலந்த நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் பின்புறம் வழியாக மெல்ல ஊற்றினார். நீல நீர் மேலேயே நின்றது. பிறகு கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் நன்னீர் 1000 கிராம். கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். வித்தியாசம் 25. ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. அதாவது, தீவின் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம். இதைக் கிபென்–ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள். நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் கீழே 40 மீட்டரும் பறிபோகும் என்ற மறுபக்கத்தையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து, யாரெல்லாம் வருவார்கள் என்ற கேள்வி. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிக் கட்டணத்துக்கு வழி செய்தோம். பணம்தான் தடை என்று நினைத்திருந்தேன். ஒரு மாணவி வந்து சொன்னாள்: "காசு பிரச்சினை இல்ல மிஸ். நான் வந்தா கோர்வை நின்னுடும்."

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற மாவட்ட ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவரால் இரண்டு பக்கக் கரையையும் தனியாகக் கவனிக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். விடுமுறை நாள்களில் அந்த ஆள் இவள்தான். கல்யாணத்துக்கான சேலை, தேதி சொல்லியாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசினேன். "பாவு முடிஞ்சு புதுசு பிணைக்கிற நாளா இருந்தா அனுப்பிடுவேன் டீச்சர். இப்ப முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கோ ரயில் முன்பதிவு முடிந்துவிட்டது.

வீட்டிலிருந்து வந்த சோதனை

எந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று களத்தில் எளிதாகச் சோதிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சின்போது அவள்தான் சொன்னாள்: "எங்க தாத்தா சாயக்காரர் மிஸ். தண்ணிய பாட்டில்ல ஊத்தி சோப்பு போட்டுக் குலுக்கிப் பார்ப்பாரு. நுரை வரலைன்னா பட்டு வேகவைக்க ஆகாதும்பாரு."

கச்சாப் பட்டு இழையின் மேல் செரிசின் என்னும் பசை இருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதை நீக்குவார்கள். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்த கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும், வேலை கெடும். பாடநூலில் கடினநீர் என்று படிப்பது இவள் வீட்டில் தொழிலறிவாகவே இருந்திருக்கிறது. அந்தச் சோதனையையே எங்கள் முறையாக எடுத்துக்கொண்டோம். ஒரே அளவு பாட்டில், ஒரே அளவு தண்ணீர், ஒரே சோப்புக் கரைசலில் பத்துச் சொட்டு, இருபது குலுக்கல், நுரையின் உயரத்தை அளவுகோலால் அளத்தல். ஊரில் உள்ள தண்ணீரை அவள் சோதிப்பது, தீவில் உள்ளதை நாங்கள் சோதிப்பது என்று பிரித்துக்கொண்டோம்.

களத்தில்

வெள்ளி இரவு செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். காலையில் பாம்பன். 1914இல் திறந்த பழைய பாலத்தின் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேல் ரயில் மெல்ல நகர்ந்தது. கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் என்று சொன்னதும் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை கோயிலும் அக்னி தீர்த்தக் கடற்கரையும் மட்டும். கோயில் வளாகத்துக்குள் கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் தீர்த்தக் கிணறுகளைப் பார்த்ததும், அவர்களாகவே குவளைச் சோதனையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கடல்நீரில் சோப்பு நுரைக்கவே இல்லை, வெள்ளையாகத் திரிந்தது.

ஞாயிறு காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊர். ரயிலோடு பயணிகளையும் கடல் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயத்தின் முன் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். இன்றும் அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு குடிசையின் அருகே மணலில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அனுமதி கேட்டு ஒரு பாட்டில் எடுத்தோம். அந்த வீட்டு அம்மா சொன்னார்: "ஆழமாத் தோண்டக் கூடாது. ஆழமாப் போனா உப்புதான்." எங்கள் குவளைச் சோதனையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

வகுப்பறையில்

திங்கட்கிழமை களைப்பு; செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் அட்டவணை போட்டோம். தீவின் அளவுகளை ஒரு குழு எழுதியது. ஊரின் அளவுகளை அந்த மாணவி எழுதினாள்: தெருக்குழாய், வீட்டு ஆழ்துளைக் கிணறு. அவள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரின் நுரை, தனுஷ்கோடி மணல்குழி நீரின் நுரையைவிடக் குறைவு!

வகுப்பு நம்ப மறுத்தது. மறுபடியும் குலுக்கினார்கள். அதே விடை. மணலில் ஊறுவது அண்மையில் பெய்த மழை. ஆழ்துளைக் கிணற்றில் வருவது பாறை, மண் வழியாக நெடுநாள் ஊறி உப்புகளைக் கரைத்துக்கொண்ட நீர் என்று விவாதித்தோம். நுரை கடினத்தன்மையைத்தான் காட்டும், குடிக்க ஏற்றதா என்று காட்டாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அந்தக் குழிகிட்ட மோட்டார் வச்சு எடுத்தா என்ன மிஸ் ஆகும்?" சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்த கதை அடுத்த நாள் பாடமானது. பயணத்துக்கு வராதவளின் கேள்வியிலிருந்துதான் அந்தப் பாடம் தொடங்கியது.

சக ஆசிரியர்களுக்கு

* இடங்களைக் குறையுங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி போதும்.
* தேதி குறிப்பதற்கு முன் பெற்றோரின் தொழில் நாள்களைக் கேளுங்கள். அறுவடை, பாவு, மீன்பிடித் தடைக்காலம் எல்லாம் பள்ளி நாள்காட்டியில் இருக்காது.
* வர முடியாதவர்களுக்கும் அதே ஆய்வில் உண்மையான பங்கு கொடுங்கள். மாற்றுப் பணி கொடுத்து ஒதுக்கிவிடாதீர்கள்.
* சேகரிக்கும் தண்ணீரை யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. அரிச்சல்முனையில் நீரோட்டம் வலுவானது. கடலில் இறங்க அனுமதிக்காதீர்கள்.

இத்தனை செய்தும் அவள் கடலைப் பார்க்கவில்லை என்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பங்கு கொடுத்ததால் அந்தக் குறை தீர்ந்துவிடாது. மாமல்லபுரம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். பாவு முடிந்த நாளை அவள் அப்பாவே சொல்லி அனுப்பினார். அன்று, ராமேஸ்வரத்துக்கு வராதவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு போனோம். பையில் அவள் பாட்டிலும் சோப்புக் கரைசலும் இருந்தன. ஆனால் கரையில் இறங்கியதும் அவற்றை எடுக்க அவளுக்கு வெகுநேரம் தோன்றவில்லை. நானும் நினைவூட்டவில்லை.